கழுத்துப் பட்டையா, ஹார்னஸா? நாய்க்குட்டியை நடக்கப் பழக்குவது எப்படி?

முதல் நாள் கயிற்றை மாட்டியதும் எங்கள் குட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. லேசாக இழுத்துப் பார்த்தேன். இன்னும் பலமாகப் பின்னால் சாய்ந்தது. அது அடம் இல்லை. ஒரு பக்கம் இழுபட்டால் மறுபக்கம் சாய்வது நாய்களின் இயல்பு. அதனால் எதை வாங்கினாலும், எந்த முறையில் பழக்கினாலும் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: கயிறு தொய்ந்திருந்தால் நடை உண்டு, விறைத்தால் இல்லை என்று இது குட்டிக்குப் புரியவைக்குமா?

முதலில் பட்டை. விலை குறைவு, எடை இல்லை, மாட்டுவதும் சுலபம். பெயர், தொலைபேசி எண் பொறித்த வில்லையைத் தொங்கவிடவும் அதுதான் வசதி. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிற வேகத்தில் போன வாரம் சரியாக இருந்தது இந்த வாரம் இறுக்கும் என்பதால் அடிக்கடி விரல் விட்டுப் பார்க்கவேண்டும். சிக்கல் குட்டி இழுக்கும்போதுதான். பாரம் முழுவதும் தொண்டையில் இறங்கும், இருமல் வரும். பொமரேனியன் போன்ற சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் எளிதில் தளர்ந்துபோகும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கோ மூச்சே சிரமம். பட்டையோடு இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, நெஞ்சைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸோடு இழுத்தால் அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஹார்னஸ் அந்தப் பாரத்தை நெஞ்சுக்கு மாற்றிவிடும். ஆனால் முதுகில் மட்டும் வளையம் உள்ளதை மாட்டினால் குட்டிக்கு நெஞ்சைக் கொடுத்து இழுப்பது ரொம்பச் சௌகரியம். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஹார்னஸ் மாட்டுவது சும்மா இல்லை! நெஞ்சுப் பக்கமும் வளையம் உள்ளதானால், கயிற்றை அதில் மாட்டினால் இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அக்குளில் உராய்ந்து முடி கொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு: வில்லைக்குப் பட்டை, கயிற்றுக்கு ஹார்னஸ். கழுத்தை இறுக்கும் சங்கிலி குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கயிறு நாலு முதல் ஆறடி போதும். பொத்தானை அழுத்தினால் நீளும், சுருங்கும் வகை பார்க்க வசதிதான். ஆனால் இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று கற்றுக்கொடுப்பதற்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சரி, பழக்கும் முறை. இழுத்தால் அப்படியே மரம்போல் நிற்பது ஒன்று. நியாயமான முறை, ஆனால் பத்தடி நடக்கவே பத்து நிமிடம் ஆகும். அவசரத்தில் ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் போதும், எப்போதாவது பலன் தரும் இழுவையைக் குட்டி லேசில் விடாது. இழுத்ததும் மறுபக்கம் திரும்பி நடப்பது இன்னொன்று. துறுதுறு குட்டிக்கு இது விளையாட்டு, பயந்த குட்டிக்கோ குழப்பம். எனக்குப் பலித்தது மூன்றாவது: குட்டி என் காலருகே வந்த அந்த நொடியில் கால் சட்டைத் தையலை ஒட்டிக் கையைத் தாழ்த்தி, கடலை அளவுத் தீனி ஒன்று. கையை முன்னால் நீட்டினால் குட்டியும் முன்னால் பாயும், தீனி கிடைக்கும் இடத்தில்தான் நிற்கப் பழகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் போனால் கயிற்றைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

எப்போது வெளியே கூட்டிப்போவது என்பதில்தான் பெரிய இழுபறி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசித் தவணைகள் முடியக் குட்டிக்கு 16 வார வயது ஆகிவிடும். ஆனால் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் 14 வார வயதோடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. தவணை முடியட்டும் என்று அடைத்துவைத்தால் ஹாரன் சத்தத்துக்கே நடுங்கும். முன்கூட்டியே பிற நாய்கள் புழங்கும் மண்ணில் விட்டால் உயிருக்கே ஆபத்து. நடுவழி உண்டு: ஹார்னஸும் கயிறும் வீட்டுக்குள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். தெரு, கைகளில் தூக்கிக்கொண்டு. இறக்கிவிடும் நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

வீட்டுக்குள் அழகாக நடந்த குட்டி வாசல் தாண்டியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். முதல் நாள் பத்தடி, திரும்பி உள்ளே. எங்கள் குட்டி அந்தப் பத்தடியில் ஒரு காய்ந்த இலையை ஐந்து நிமிடம் மோந்தது. கயிறு தொய்வாகவே இருந்தது, நானும் நின்றுகொண்டிருந்தேன்.