ஒரு மா நஞ்சையும் 131 சதுர அடியும்

அப்பா விட்டுப் போன ஒரு மா (மா என்பது பழைய நில அளவு) நஞ்சையில் என் பங்கை அக்காவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதற்காகத்தான் இந்த முறை ஊருக்குப் போனேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் எடுத்தாயிற்று. வங்கி வேலை, ஆதார் வேலை எதிலும் குறை சொல்ல இடமில்லை. நிலம் எவ்வளவு என்ற ஒற்றைக் கேள்வியில்தான் விடுமுறையில் பாதி கரைந்துபோனது.

அறுபதுகளில் அப்பா வாங்கிய மூலப் பத்திரத்தில் ‘மா 1, குழி 100’ என்று இருக்கிறது; நூறு குழி சேர்ந்ததுதான் ஒரு மா. பட்டாவில் ஹெக்டேர்-ஏர் கட்டத்தில் 0 - 13.50. அக்காவும் அத்தானும் காலம் காலமாகச் சொல்வது 33 சென்ட். எங்கள் வயலுக்கு மேற்கே மனை போட்டு விற்பவர்களோ சதுர அடியில்தான் பேசுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தவர், “பத்திரத்து அளவும் பட்டா அளவும் ஒத்து வரலை சார். அளந்து எழுதி வாங்கிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தாலுகா அலுவலகம் போனால், “பட்டா சரியாத்தான் இருக்கு, பத்திரத்தைப் போய்ச் சரி பண்ணுங்க” என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒருவர்கூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

நான் போட்டுப் பார்த்தேன். தஞ்சைப் பக்கத்துக் குழி, 12 அடிக் கோலுக்கு ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம். 144 சதுர அடி. நூறு குழி சேர்ந்த மா, 14,400. சென்ட்டுக்கு 435.6 சதுர அடி வீதம் 33 சென்ட், 14,375. பட்டாவில் உள்ள 13.50 ஏர் என்பது 1,350 சதுர மீட்டர். சதுர அடியாக்கினால் 14,531. ஆக ஒரே வயலுக்கு மூன்று அளவு. மாவுக்கும் பட்டாவுக்கும் இடையே 131 சதுர அடி இடிக்கிறது.

இந்த 131 கடைத்தெரு வரை போய்விட்டது. கீழண்டை வயல்காரர் எங்களுக்குப் பங்காளி, சித்தப்பா முறை. நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். “ஏன் தம்பி, உங்கப்பா வாங்கினது நூறு குழி. பட்டாவுல கூட இருக்கிறது எங்க வரப்புலேர்ந்துதானே வந்திருக்கணும்?” அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அப்பா காலத்தில் மா கணக்கில் விற்ற நிலம் அது. ஒரு குழி முன்னே பின்னே இருந்தால் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது மனைக்காரர்கள் அடி அடியாக விலை சொல்லும்போது அவர் கேட்காமல் என்ன செய்வார்? அக்காதான் பாவம், அன்று இரவு சாப்பிடவில்லை.

ஜெர்மனியில் நான் வீடு வாங்கியபோது நிலப் பதிவேட்டில் சதுர மீட்டரில் ஒரே ஒரு எண் இருந்தது. நோட்டரி முழுப் பத்திரத்தையும் எங்கள் முன் சத்தமாக வாசித்தார். அங்கே சட்டமே அப்படி. அளவைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. அங்கே பழைய அளவுகள் செத்துப்போய்விட்டன என்று நினைத்துவிடாதீர்கள். 1872 முதல் மெட்ரிக் முறை நடக்கிற நாட்டில் விவசாயிகள் இன்றைக்கும் ‘மோர்கன்’ என்ற பழைய நில அளவைச் சொல்கிறார்கள். பல பகுதிகளில் அது 2,500 சதுர மீட்டர், கால் ஹெக்டேர். சந்தையில் அரைக் கிலோவைப் ‘பவுண்டு’ என்பார்கள். தண்ணீர்க் குழாயும் டிவியும் அங்கேயும் அங்குலம்தான். பேச்சில் எதுவும் இருக்கலாம். பதிவேட்டில் ஒன்றுதான் இருக்கும்.

நம் ஊரிலும் பேச்சு வழக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பூவை முழத்தில் வாங்குவதும், தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருப்பதும், எட்டு கிராமைச் சவரன் என்பதும் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் சேர்ந்தவை. பேரனுக்கு உடம்பு 38 டிகிரி என்று நான் போனில் சொன்னால் அம்மாவுக்கு உறைக்காது, 100.4 என்றால் உடனே கஷாயம் சொல்வாள். 1958 முதல் 1962 வரை படிப்படியாகக் கிலோவும் மீட்டரும் வந்தபோது கடையிலிருந்து பழைய எடைகளான வீசையும் பலமும் எவ்வளவு லேசாகப் போயின! அரிசியும் பருப்பும் அன்றைக்கே தின்று தீர்ந்துவிடும், பழைய கணக்கு யாருக்கும் வேண்டாம். நிலம் அப்படியில்லையே. பீரோவில் இருக்கிற பத்திரம் எழுதிய நாளின் அளவோடுதான் பேரன் கைக்கு வந்து சேரும்.

முடிச்சை அவிழ்த்தவர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மர நிழலில் மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கால்குலேட்டர் எடுக்கவில்லை. “மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இது வாய்க்கணக்கு தம்பி. ஏக்கரை மூணாப் பங்கு போட்டுப் பாருங்க” என்றார். 43,560-ஐ மூன்றால் வகுத்தால் 14,520 சதுர அடி. ஏரில் 13.49. பட்டாவில் இருப்பது 13.50! கோல் கணக்கில் மூன்று மா 43,200தான். ஏக்கருக்கு 360 சதுர அடி குறையும். அந்தக் காலத்தில் அந்த 360-ஐ யாரும் பொருட்படுத்தவில்லை. ஏக்கரில் மூன்றிலொரு பங்கு வயலை ‘ஒரு மா’ என்றே எழுதிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு அலுவலகங்களில் கிடைக்காத பதிலை அவர் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டார்.

பணம் கட்டி சர்வேயரையும் வரவழைத்தோம். எல்லைக் கல் நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. வயலின் அளவு குறித்த அரசுப் புலப்படத்தோடு டேப் அளவு பொருந்தியது, பட்டாதான் சரி. சித்தப்பா கூடவே நடந்து பார்த்துவிட்டு, “வரப்பு நம்ம வரப்புதான்” என்று சொல்லிவிட்டார். சர்வேயர் சின்ன வயதுப் பையன், பொறுமையாக விளக்கினார்: வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். நாம் சொந்த அளவாக நினைக்கும் சென்ட் அந்தச் சங்கிலியோடு வந்ததுதான்.

பட்டா அச்சாகும்போதே ஹெக்டேர்-ஏருக்குப் பக்கத்தில் ஏக்கர்-சென்ட்டையும் சதுர அடியையும் கணினி போட்டுக் கொடுத்தால் என்ன? ஒரு பெருக்கல்தான். ஏரை 2.471-ஆல் பெருக்கினால் சென்ட், 1,076.4-ஆல் பெருக்கினால் சதுர அடி. இணையத்தில் பட்டா கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலையே இல்லை. இல்லாததால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

அளந்து எழுதி வாங்கிய காகிதத்தோடு போனதும் பதிவு ஒரே காலையில் முடிந்தது. சொத்து விவரத்தில் எழுத்தர் இப்படி எழுதினார்: ‘நஞ்சை ஹெக்டேர் 0.13.50-க்கு ஏக்கர் 0.33⅓, முன் பத்திரப்படி மா 1, நான்கெல்லைக்கு உட்பட்டது.’ பங்கு பிரிக்கப் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். எண் இடித்தால் முதல் வாரத்திலேயே அளவைக்கு மனுப் போடுங்கள். எங்களுக்குத் தேதி கிடைப்பதற்குள் ஊர்த் திருவிழாவே முடிந்துவிட்டது.