பறந்த தொலைபேசி: மனமா, கையா?

1984 மார்ச்சில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், 14 வயது வளர்ப்பு மகள் இருந்த வீட்டில் பொருள்கள் தாமாகப் பறப்பதாகச் செய்தி கிளம்பியது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவள் மடிக்கு மேலே தொலைபேசி ரிசீவர் சுருள் கம்பியோடு பாயும் படம் உலகெங்கும் பரவியது.

அந்த வீட்டில் தங்கி ஆராய்ந்தவர், அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் வில்லியம் ரோல். அடக்கிவைத்த கோபமும் மன இறுக்கமும் கைபடாமலே பொருள்களை அசைக்கக்கூடும் என்பது அவர் வாதம். பதின்வயதுக் கொந்தளிப்பை அவர் பொருட்படுத்தியது நியாயம். ஆனால் கோபம் எந்த விசையால் விளக்கைத் தள்ளும்? அங்கே விளக்கம் தடுக்கி விழுகிறது.

மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி போன்ற ஐயவாதிகளுக்கு அது வெறும் கை வேலை. அணைக்காமல் விட்ட தொலைக்காட்சிக் கேமராவில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் மேசை விளக்கைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்ப்பது பதிவாகிவிட்டது. படப்பிடிப்புக் குழு கிளம்பட்டும் என்றுதான் செய்தேன் என்றாள்.

சான்று என்று பார்த்தால் எனக்கு ராண்டி பக்கமே வலுவாகத் தெரிகிறது. ஆனாலும் ‘ஏமாற்றுக்காரி’ என்று முத்திரை குத்திக் கைகழுவுவதை ஏற்க மாட்டேன். வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எறிந்தும் உடைத்தும் சொல்வதுண்டு. ராண்டி ‘எப்படி’ என்பதிலேயே குறியாக இருந்தார். ‘ஏன்’ என்று கேட்டதில் ரோல்தான் முன்னால் நின்றார்.