பழைய குடிநீர் மீட்டருக்கு மாற்று: சக்கரமா, ஒலியா?

எங்கள் தெருவில் எட்டு வீடுகளில் மூன்றில்தான் தண்ணீர் மீட்டரின் முள் சுற்றுகிறது. மற்ற வீடுகளுக்குச் சராசரி போட்டு பில் வருகிறது. ஒரு மீட்டரில் கண்ணாடிக்குள் பாசியே பிடித்துவிட்டது. இப்போது எல்லாவற்றையும் மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு. என்ன மீட்டர் என்று கேட்டால் ‘ஸ்மார்ட் மீட்டர்’ என்கிறார்கள். தண்ணீரை எப்படி அளப்பது என்பது ஒன்று, அளந்ததை எப்படி எடுத்துப் பில் போடுவது என்பது வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். நாம் பழகியது மல்டிஜெட் மீட்டர். தண்ணீர் பல துளைகள் வழியாகப் பாய்ந்து ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும், அது முள்ளை நகர்த்தும். அல்ட்ராசோனிக் மீட்டரில் சுழல்வதற்கு எதுவும் கிடையாது. ஓட்டத்தோடு ஓர் ஒலித்துடிப்பு, ஓட்டத்துக்கு எதிராக இன்னொன்று. இரண்டும் போய்ச் சேரும் நேர வித்தியாசத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும்.

பைப் உடைந்து ஒட்டுப்போட்ட மறுநாள் மண்ணும் துருவும் கலந்து வருமே, அது சக்கரத்துக்கு எமன். வடிகட்டும் வலை அடைக்கும், சக்கரம் தேயும். தேய்ந்த மீட்டர் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். அதனால் வீட்டுக்காரர் யாரும் புகார் கொடுப்பதில்லை!

உண்மையான வித்தியாசம் சொட்டுச் சொட்டாக ஓடும் தண்ணீரில் தெரியும். மீட்டர் முகப்பில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அரை அங்குல மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம் வழக்கமாக மணிக்கு 2,500 லிட்டர். அதை அந்த எண்ணால் வகுத்தால், எவ்வளவு மெதுவான ஓட்டம் வரை மீட்டர் கணக்குக்குப் பொறுப்பேற்கும் என்று தெரியும். ஆர் 80 என்றால் மணிக்குச் சுமார் 31 லிட்டர். ஆர் 250 என்றால் 10 லிட்டர். கழிப்பறைத் தொட்டி மணிக்கு 10 லிட்டர் கசிந்தால் மாதத்துக்கு 7,200 லிட்டர். ஆர் 80 மீட்டர் இதைக் கணக்கில் பிடிக்கும் என்று நம்ப முடியாது. அல்ட்ராசோனிக்கில் ஆர் 250, 400 சாதாரணம்.

அப்படியானால் அல்ட்ராசோனிக்தானே? அவசரப்பட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும் ஊரில் சம்ப் காலியாகக் கிடக்கும். பால் வால்வு (தொட்டி நிரம்ப நிரம்ப மிதவைப் பந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு) முழுதாகத் திறந்திருக்கும், தண்ணீர் வேகமாகப் பாயும். சொட்டு ஓட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. 24 மணி நேரமும் வந்தால்தான் தொட்டி எப்போதும் நிரம்பியிருந்து, பால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக விடும். கோவையில் 2018இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது இப்படிப்பட்ட 24 மணி நேர விநியோகத்துக்குத்தான். ஒடிசாவின் புரி 2021இல் அந்த நிலைக்கு வந்தது. அங்கெல்லாம் துல்லியத்துக்குக் கொடுக்கும் காசு திரும்பும்.

விட்டு விட்டு வரும் ஊரின் தலைவலி காற்று. வால்வைத் திறந்ததும் குழாயில் அடைபட்ட காற்று உஸ்ஸென்று முன்னால் வரும், சக்கரம் பம்பரமாகச் சுற்றும், காற்றுக்கும் பில் வரும். காலிக் குழாயை உணர்ந்து எண்ணாமல் நிற்கும் அல்ட்ராசோனிக் மீட்டர்கள் உண்டு; ஆனால் காற்றும் நீரும் கலந்து வரும்போது அவையும் தடுமாறும். மெயின் பைப்பின் மேடான இடங்களில் காற்று வால்வு வைத்தால் எந்த மீட்டருக்கும் நல்லது, செலவும் குறைவு.

விலையில் அல்ட்ராசோனிக் பல மடங்கு. 10 முதல் 15 ஆண்டில் பேட்டரி தீர்ந்தால், பல மாடல்களில் மீட்டரையே மாற்ற வேண்டும். மல்டிஜெட்டைக் கழற்றி உள்பாகம் மாற்ற உள்ளூர் ஃபிட்டர் போதும். பித்தளை உடல் என்றால் இன்னொரு தொல்லை: காயலான் கடைக்குப் போய்விடும். பிளாஸ்டிக் உடலைத் திருட ஆள் இல்லை.

படித்து எடுப்பதில், ஆள் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து எழுதுவது ஒரு வகை. மீட்டர் ரீடர் பைக்கில் தெருவழியே போக, கையிலிருக்கும் கருவி ரேடியோவில் வாங்கிக்கொள்வது இன்னொன்று. இது மல்டிஜெட்டிலும் முடியும். வீடு பூட்டியிருந்தாலும் கவலை இல்லை. சிக்னல் வாங்கும் கோபுரம் நட்டு மணிக்கொரு தரம் எடுப்பது மூன்றாவது. அதற்கு வருடா வருடம் கட்டணம் உண்டு. மழைக்குக் குழி நிறைந்து, மேலே இரும்பு மூடியும் இருந்தால் சிக்னல் வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் போடும் ஊருக்கு மணிக்கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

என் ஓட்டு இப்படி: வீடுகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, ஆர் 160 மல்டிஜெட், பிளாஸ்டிக் உடல், பிறகு ரேடியோ மாட்ட வசதியோடு. லாட்ஜ், மண்டபம், மருத்துவமனை, அடுக்குமாடி ஆகியவற்றுக்கு மட்டும் இப்போதே அல்ட்ராசோனிக். அதிகத் தண்ணீர் ஓடும் இணைப்பில் ஐந்து சதவீதம் தவறினாலே பெரிய தொகை. டெண்டர் போடும் முன் வார்டுக்குப் பத்துப் பழைய மீட்டர்களைக் கழற்றி, 20 லிட்டர் கேனில் பிடித்துச் சோதிக்கட்டும். முதலில் வேகமாகவும், அப்புறம் விரல் தடிமனிலும், கடைசியில் நூல் போலவும் விட்டுப் பார்க்கட்டும்.