எட்டு ஆண்டுகள், முப்பத்துச் சொச்சம் தொடர்கள்: கொரிய மாயக் காதலோடு என் குடித்தனம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொரியத் தொடர் என்றால் பெரும்பாலும் 16 பகுதி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, சில சமயம் ஒன்றேகால் மணி. ஆக ஒரு தொடருக்குச் சராசரியாக 18 மணி நேரம். 2017இல் தொடங்கி இன்றுவரை, மாயமும் காதலும் கலந்தவை மட்டும் முப்பதுக்கு மேல் பார்த்திருக்கிறேன். திரும்பப் பார்த்தவை தனி. பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் தையல் கற்றிருக்கலாம் என்பது அம்மாவின் கருத்து. அந்த அம்மா இப்போது என்ன செய்கிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் சாதாரணமானதுதான். அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் "ஒரே ஒரு எபிசோடு பாருங்கக்கா" என்றாள். அது 'காப்ளின்'. 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் டிவிஎன் அலைவரிசையில் முடிந்த தொடர், எழுதியவர் கிம் உன்-சுக். பழைய கொர்யோ அரசமரபுக் காலத்துத் தளபதி ஒருவன் தன் அரசனாலேயே சாகடிக்கப்பட்டு, நெஞ்சில் குத்திய வாளோடு சாகாத பிறவியாக எழுகிறான். அந்த வாள் அவனுக்கென்று விதிக்கப்பட்ட மணமகளின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவள் உருவினால் அவன் இல்லாமல் போவான். அவளைக் கண்டுபிடித்தால் செத்துவிடலாம் என்று தொள்ளாயிரம் வருடம் காத்திருந்தவன், கண்டுபிடித்த பிறகு இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாமே என்று இழுக்கிறான். அந்த இழுவைதான் கதை. அன்று இரவு மூன்று பகுதி பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் அந்தப் பெண் மட்டும்தான்.

'காப்ளின்' என்ற ஆங்கிலப் பெயர் சரியில்லை என்று பிடிபடவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. கொரிய மொழியில் அவன் தொக்கேபி. நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் வரும் கூர்க்காது குட்டிச்சாத்தான் இல்லை. பழைய துடைப்பம், உலக்கை மாதிரியான சாமான்களில் மனித ரத்தம் பட்டால் அது தொக்கேபி ஆகிவிடும் என்பது கொரியக் கிராமத்து நம்பிக்கை. இரவில் வழிப்போக்கனை மறித்து மல்யுத்தத்துக்குக் கூப்பிடும், கையில் தண்டாயுதம் வைத்திருக்கும், பாப்பரம் (ஆங்கிலத்தில் பக்வீட்) என்ற தானிய மாவில் செய்யும் மூக் என்ற களி கிடைத்தால் விடாது. தொடரில் நாயகன் நாயகிக்கு வெள்ளைப் பாப்பரப் பூங்கொத்தை நீட்டும்போது நமக்கு அது வெறும் அழகு. கொரியப் பாட்டி ஒருத்திக்கு அந்தக் களி ஞாபகம் வந்திருக்கும். சதுப்பு நிலத்தில் தெரியும் ஒளிக்கு அங்கே தொக்கேபித் தீ என்று பெயர். நம் ஊரில் அதையே கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். தொடரில் அவன் வாளைச் சுற்றி எரியும் நீல நெருப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே திரையைப் பார்த்தவள், கறுப்புத் தொப்பியோடு ஒருவன் சீட்டில் பெயரைப் படிப்பதைக் கண்டதும், "இவன் எமதூதன்தானே?" என்றாள். திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடிய இடத்தில் அவனுக்குப் போட்டிருந்த பெயரோ அரிவாள் ஏந்திய ஐரோப்பிய எலும்புக்கூட்டுக்கு உரியது. அம்மா சொன்னதுதான் சரி. பாதாளத்தில் தீர்ப்புச் சொல்லும் பத்து அரசர்களில் ஒருவருக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் யொம்ரா. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போன நம் எமராஜாதான் அவர். செத்தவர் 49 நாள் இடைவழியில் இருப்பார், ஏழேழு நாளாக விசாரணை நடக்கும் என்பதும் அதே வழியில் வந்த நம்பிக்கைதான். "நமக்குப் பதினாறு, அவங்களுக்கு நாற்பத்தொம்பதா? பாவம், ரொம்ப நாள் சாப்பாடு போடணும்" என்றாள் அம்மா.

ஆங்கில எழுத்து வழியாகப் பார்த்த முதல் சில வருடங்களில் நான் இழந்தவை ஏராளம். அதில் பெரியது நீ, நீங்க. கொரிய மொழியில் வினைமுடிவிலேயே மரியாதை இருக்கிறது. காதலர்கள் நெருங்கும்போது "பேச்சை இறக்கி வைத்துக்கொள்வோமா" என்ற பொருளில் ஒருவர் கேட்பார். 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கும் அந்த நொடி முத்தக்காட்சியைவிடக் கனமானது. கோபத்தில் திரும்ப 'நீங்க'வுக்கு ஏறிவிட்டால் கதை முடிந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. நம் காதுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், குரலின் இறக்கத்திலேயே பிடித்துவிடுவோம். என்ன, எழுத்தைப் படிக்கும் கண் காதை மூடிவிடுகிறது.

ஓப்பா விவகாரம் வேறு மாதிரி. அண்ணனை அழைக்கும் அதே சொல்லால் காதலனையும் அழைப்பார்கள். அம்மா முதல் தடவை திடுக்கிட்டுக் கீரையைக் கீழே வைத்தாள். "அண்ணன் தங்கச்சியாடி?" விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம மாமான்னு கூப்பிடற மாதிரின்னு வச்சுக்க" என்று தானே தீர்த்துக்கொண்டாள். சில தொடர்கள் இப்போது தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. நீ, நீங்க சிக்கல் அதில் தீர்ந்துவிடும். ஆனால் அந்த எமதூதனாக நடித்த லீ டோங்-வுக்கின் குரலுக்குப் பதில் வேறு குரல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது என் பலவீனம், தொடரின் குறை இல்லை.

சரி, இத்தனை பார்த்தபின் எது நிற்கிறது, எது நிற்கவில்லை? என் அனுபவத்தில் இந்த வகைத் தொடரின் உயிர் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. காதலித்தால் இது நடக்கும் என்று முதல் இரண்டு பகுதிக்குள் ஒரு கட்டுப்பாடு போடுவார்கள். அது எவ்வளவு இறுக்கமோ தொடர் அவ்வளவு நன்றாக இருக்கும். காப்ளினின் வாள் அப்படி ஒன்று. 2013 கடைசியில் எஸ்பிஎஸ் அலைவரிசையில் வந்த 'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்' நாயகன் 400 வருடம் முன்பு பூமியில் மாட்டிக்கொண்ட வேற்றுக்கோள்வாசி. நேரத்தை நிறுத்துவான், மலை உச்சியிலிருந்து விழப்போகும் காரைத் தடுப்பான், ஆனால் முத்தம் கொடுத்தால் காய்ச்சலில் படுத்துவிடுவான். எவ்வளவு எளிய நிபந்தனை, எத்தனை நகைச்சுவை! 1609ஆம் ஆண்டு கங்வொன் மாகாண வானில் விசித்திரப் பொருள்கள் பறந்ததாக ஜோசொன் அரச வரலாற்றுக் குறிப்பில் உண்மையாகவே பதிவு இருக்கிறது. கதாசிரியர் பார்க் ஜி-உன் அங்கிருந்துதான் நூலை இழுத்தார்.

2010இன் 'மை கேர்ள்ஃப்ரெண்ட் இஸ் எ குமிஹோ' இன்னும் வேடிக்கை. ஒன்பது வால் நரிப்பெண் மனுஷியாக வேண்டுமானால் அவளுடைய மணியை ஒருவன் நூறு நாள் உடம்பில் வைத்திருக்க வேண்டும். அவள் பிழைத்தால் அவன் சாவான். அதற்கு முன்பே அவளுக்கு மாட்டிறைச்சி வாங்கிக்கொடுத்த கடனில் அவன் பாதி செத்துவிடுவான் என்பது வேறு விஷயம். நூறு நாள் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? குகைக்குள் பூண்டும் மாசிபத்திரியும் தின்றுகொண்டு நூறு நாள் வெயில் படாமல் இருந்தால் மனுஷியாகலாம் என்று சொல்லப்பட்ட கரடி ஒன்று, கொரிய நாட்டின் தோற்றக் கதையிலேயே இருக்கிறது.

இவற்றில் எனக்குத் தலையானது 2019இன் 'ஹோட்டல் டெல் லூனா'. செத்தவர்கள் மட்டும் தங்கும் விடுதி. நடத்துபவள் ஜாங் மன்-வொல், பெயரிலேயே பௌர்ணமி. ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒரு பட்ட மரத்தோடு கட்டுண்டு கிடக்கிறாள். அவள் மனம் இளகினால் மரம் துளிர்க்கும், பிறகு பூக்கும். பூவெல்லாம் உதிர்ந்தால் அவள் போயாக வேண்டும். ஆகவே நாயகன் அவளை நேசிக்க நேசிக்க அவளை வழியனுப்பிக்கொண்டே இருக்கிறான். ஐயூ அந்தப் பாத்திரத்தில் பண ஆசைக்காரியாக, வாய்த்துடுக்குக்காரியாக, காட்சிக்குக் காட்சி உடை மாற்றிக்கொண்டு வருவார். அழுமூஞ்சியாக நடித்திருந்தால் தொடர் படுத்திருக்கும். விடுதியின் வெளித்தோற்றத்துக்குப் பயன்பட்டது மொக்போ நகரத்தில் 1900இல் ஜப்பானியத் துணைத் தூதரகமாகக் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். அதைப் பார்க்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நிபந்தனையை நடுவழியில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2016இன் 'டபிள்யூ' போதும். படக்கதைக்குள் இருக்கும் நாயகன், வெளியே இருக்கும் டாக்டர் நாயகி. முதல் ஆறு பகுதியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு புது விதி. யார் எப்போது எந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்று தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன், அதன்பிறகு தாளையும் தொலைத்தேன். 2020இன் 'த கிங்: எடர்னல் மோனார்க்' தொடரும் அப்படித்தான். இரண்டு இணை உலகம், இரண்டாக உடைந்த மூங்கில் குழல், இதெல்லாம் எழுத்தில் பிரமாதம். ஆனால் மாமன்னர் காப்பிக் குவளையைக் கையில் எடுத்து அதன் மணத்தைப் புகழும்போது சிம்மாசனம் ஆடிவிட்டது. கொரியாவில் 2010இல் ஒளிபரப்பு விதிகளைத் திருத்தி, கதைக்குள் பொருள் விளம்பரம் வைக்க அனுமதித்தார்கள். அந்தக் காசில்தான் இத்தனை அழகான ஒளிப்பதிவும் வருகிறது என்று தெரியும். இருந்தாலும் பேய் ஓட்டும் காட்சிக்கு நடுவே லிப்ஸ்டிக் பூசுவது கொஞ்சம் அதிகம்.

நாள்படப் பார்த்தால் தெரியும் தேய்மானங்கள் வேறு உண்டு. 12ஆம் பகுதியிலிருந்து 14 வரை பெரும்பாலான தொடர்களில் தொய்வு வரும். மறதி நோய், வெளிநாட்டுப் பயணம், உன் நன்மைக்காகப் பிரிகிறேன் என்ற வசனம், மூன்றில் ஒன்று நிச்சயம். இப்போதெல்லாம் அந்தப் பகுதிகளை மாவு ஆட்டும்போது ஓடவிடுகிறேன்.

திரும்பப் பார்ப்பதுதான் கடுமையான சோதனை. காப்ளினை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை நாயகன் நாயகிக்காக அழுதேன். இரண்டாவது தடவை பள்ளிச் சீருடையில் இருக்கும் அவளும் தொள்ளாயிரம் வயதுக்காரனும் என்பது உறுத்தத் தொடங்கியது. அவர்களாக நடித்த கோங் யூவுக்கும் கிம் கோ-உன்னுக்கும் நிஜத்திலேயே பன்னிரண்டு வயது வித்தியாசம். மூன்றாவது தடவை அந்த எமதூதனும் கோழிக்கடைக்காரியும் வரும் காட்சிகளை மட்டும் தேடித்தேடிப் பார்த்தேன். செத்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து நினைவை அழித்து அனுப்பிவைக்கிறவனுக்குத் தன் நினைவே இல்லை. பெயர்கூட இல்லாமல் ஒருத்தியிடம் போய் நிற்கிறான். உன் பெயர் என்ன என்று அவள் கேட்டதும் அவன் விழிக்கும் விழி இருக்கிறதே! பத்து வருடம் கழித்தும் அது பழசாகாது. பழைய தொடர்களில் நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவதையும் இப்போது பார்க்க முடியவில்லை. அன்று அதைக் காதல் என்று நானும் நம்பியிருந்தேன்.

அலுத்துவிட்டது, இனி போதும் என்று இருந்தபோதுதான் 2024 ஏப்ரலில் 'லவ்லி ரன்னர்' வந்தது. கொரியத் தலைப்பின் நேர்ப்பொருள் "சொன்ஜேவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடு". சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு ரசிகை, தான் ஆராதித்த பாடகன் செத்துப்போன இரவில் 2008க்குத் திரும்புகிறாள், அவனைக் காப்பாற்ற. மடக்கு போன், பள்ளி நீச்சல் குளம், மழை, குடை. அவள் அவனை ஆராதிப்பதற்குப் பல வருடம் முன்பே அவன் அவளைப் பார்த்துவிட்டான் என்று தெரிகிற இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நிபந்தனையும் கெட்டி: அவன் பிழைக்க வேண்டுமானால் அவளைச் சந்தித்தே இருக்கக்கூடாது. ரசிகையாக இருப்பதைக் கேலி செய்யாமல், கதையே ஒரு ரசிகையின் கையில் இருப்பது இந்த வகையில் அபூர்வம். என்னைப் போன்றவளுக்கு அது போதும்.

பக்கவிளைவாகக் கொரிய எழுத்தும் கற்றுக்கொண்டேன். பதினான்கு மெய், பத்து உயிர், அடிப்படை அவ்வளவுதான். உயிரும் மெய்யும் ஒரே கட்டத்துக்குள் ஒட்டி உட்கார்வது நம் உயிர்மெய் மாதிரி இருப்பதால் ஒரு வாரத்தில் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. பொருள் புரியாது, வாசிக்க மட்டும் வரும். கடைப் பலகையைப் படித்துக் காட்டினால் வீட்டில் யாரும் மதிப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: காப்ளினில் தொடங்காதீர்கள், அதன் முதல் பகுதி ஒன்றரை மணி நேரம், பொறுமை போய்விடும். நரிப்பெண்ணில் தொடங்கலாம், அல்லது வேற்றுக்கோள்வாசியில். டெல் லூனாவை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் இரவு பத்துக்கு மேல் தொடங்க வேண்டாம். இதை நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

அம்மா விஷயம். போன மாதம் கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லி டெல் லூனாவை முதலிலிருந்து போடச் சொன்னாள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், தெரியாததை என்னிடம் கேட்கிறாள், நான் சொல்வதற்குள் அவளாகவே ஒரு கதை கட்டிக்கொள்கிறாள். பாதி தவறு, ஆனால் நன்றாக இருக்கிறது. நேற்று பத்தாம் பகுதி முடிந்தது. "அந்த மரத்துல பூ கொட்டிருமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், சொல்லாத" என்று கையைக் காட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.