ஆறுமணிக் குருவிக்கு போரிவலி, மூவிரல் மீன்கொத்திக்கு கர்னாலா

மே கடைசி வாரம் வந்துவிட்டால் மும்பை செம்பூரில் பறவை பார்க்கக் கிளம்பும் எங்களுக்குள் ஒரே விவாதம்தான்: இந்த ஞாயிறு போரிவலிக் காடா, கர்னாலா சரணாலயமா? இரண்டுக்கும் ஒரே நாளில் போய்வர முடியாது. அது ஒரு திசை, இது ஒரு திசை.

தேடிப் போவதும் இரண்டு பறவைகளைத்தான். ஒன்று நம் ஆறுமணிக் குருவி. குளிர்காலத்தை நம் தமிழ்நாட்டுத் தோப்புகளில் கழித்துவிட்டு, கூடு கட்ட வடக்கே வரும். இங்கே இதற்கு நவரங் என்று பெயர். இன்னொன்று மூவிரல் மீன்கொத்தி. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, பவளம் போல அலகு. மழையோடு கொங்கணத்துக்கு வந்து, ஓடைக்கரை மண்ணைக் குடைந்து முட்டையிடும்.

இரண்டுமே இரவில் பறந்து வருகிறவை. வழியில் கட்டடக் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. ஒரு ஜூன் மாதம், முதல் மழை பெய்த மறுநாள் காலை, எங்கள் மாடிப்படி ஓரத்தில் ஒரு குருவி கண் சொருகிக் கிடந்தது. பச்சை முதுகு, கண்ணை மறைத்த கறுப்புப் பட்டை, குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. எதிர்வீட்டு அம்பாசமுத்திரத்து ஆச்சி குனிந்து பார்த்ததுமே, “ஏய்யா, இது ஆறுமணிக் குருவில்லா! தை மாசம் நம்ம தோப்புல கத்துமே!” என்றார். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தோம், தண்ணீர் எதுவும் புகட்டவில்லை. சாயங்காலம் திறந்ததும் மாமரத்துக்குப் பறந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு இந்தக் குருவி மேல் தனிப் பிரியம்.

அதனால் என் முதல் ஓட்டு போரிவலிக்கு. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நகரத்தின் நடுவிலேயே கிடக்கும் காடு. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வாசலுக்குப் போய்விடலாம். குருவி தரையில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். மழைக்கு முன் சருகு காய்ந்திருப்பதால் சரசரப்பே காட்டிக் கொடுத்துவிடும். ஜூன் பாதிக்கு மேல் செடிகொடி அடர்ந்துவிட்டால் இரட்டை விசில் மட்டும்தான் காதில் விழும், ஆளைக் காண முடியாது. ஆக, மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும்தான் சரியான நேரம். கன்ஹேரி குகைக்குப் போகும் சாலையில் கூட்டம் சேருமுன் போய்விட வேண்டும். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. சிறுத்தைகள் உள்ள காடு என்பதால் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

மீன்கொத்தி போரிவலியிலும் உண்டு. ஆனால் அதற்கு நான் கர்னாலாவைத்தான் சொல்வேன். வெறும் 12 சதுர கிலோமீட்டர் சரணாலயம், மேலே கட்டைவிரலை நிமிர்த்தியது போல ஒரு பாறையோடு கோட்டை. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் நேரே பன்வேல். அங்கிருந்து பேண் ஊர்ப் பக்கம் போகும் பஸ். மும்பைக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 11. அதற்கு முன் போய் ஏமாந்தவர்கள் அதிகம். ஓடையில் நீர் ஓடி, கரைமண் இளகினால்தான் அது கூடு தோண்டும். ஒரு வாரம் நல்ல மழை பெய்யட்டும், அப்புறம் கிளம்புங்கள். வழுக்கும் பாறைக்குத் தயாராகப் போங்கள்.

சின்னக் குழந்தைகளோடு போவதானால் கர்னாலா வேண்டாம், போரிவலியே போதும். அவர்களுக்குப் பறவை கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்றால் மே மாதத்திலேயே தானே நகரக் கழிமுகத்துப் பூநாரைகளைக் காட்டிவிடுங்கள். மழை தொடங்குவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

கர்னாலாவில் ஒன்று என்னை வருத்துகிறது. மீன்கொத்தி கூட்டின் எதிரே கேமராக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. குஞ்சுக்குப் பல்லியைக் கவ்வி வந்த தாய், கூட்டுக்குள் போகப் பயந்து, கொடியில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கூட்டை ஒட்டி நிற்காதீர்கள், போனில் பறவைக் குரலைப் போட்டு அதை அழைக்காதீர்கள். ஓடையின் கீழ்ப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால், இரை தேடிப் போகிற வழியில் அதுவே உங்களைக் கடந்து போகும். கீச்சென்று ஒரு சத்தம், ஊதாவும் ஆரஞ்சுமாக ஒரு கோடு. எனக்கு இதுவரை கிடைத்த நல்ல காட்சிகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.