304 சைலன்சர்: பின்பக்கத்துக்கு நல்லது, மெனிபோல்டுக்குச் சரிவராது

சைலன்சர் கறள் பிடித்து ஓட்டை விழுந்தால் 304 என்ற வகை ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து போடுவது யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்குப் பெறுமதியான செலவுதான். நகரத்துக்குள் ஐந்து நிமிட ஓட்டம் மட்டும் ஓடும் காரில் சைலன்சர் சரியாகச் சூடேறாது. புகையோடு வரும் நீராவி உள்ளே தண்ணீராகத் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே தின்னும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வரும் வான்களுக்கு வெளியிலிருந்து உப்பும் சேரும். 18 வீதக் குரோமியமும் 8 வீத நிக்கலும் உள்ள 304 இந்த இரண்டையும் இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும். உப்புப் படியவிட்டால் இதிலும் புள்ளி விழும். நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், உவர்க் கிணற்று நீர் உதவாது.

பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். கைபிடி வேலைக்கு விற்கும் 201 பைப்பும் இதே பளபளப்புத்தான். நிக்கலைக் குறைத்து மங்கனீசு கூட்டியது, சீக்கிரம் கறள் பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், 201 இலும் ஒட்டாது. கம்பனிச் சைலன்சர்களில் வரும் 409, 436 வகைகளிலோ காந்தம் நன்றாக ஒட்டும். அவையும் தரமான ஸ்டெயின்லெஸ்தான். பைப்பின் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் இருக்கட்டும்.

எஞ்சினிலிருந்து வரும் புகையை முதலில் வாங்கும் மெனிபோல்டுக்கு 304 வேண்டாம். பெற்றோல் எஞ்சின் பாரம் இழுக்கும்போது அந்த இடத்துச் சூடு 800 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். 450 முதல் 850 பாகைக்குள் நெடுநேரம் கிடந்தால் 304 இல் குரோமியம் காபனோடு சேர்ந்து உலோக மணிகளின் விளிம்பில் ஒதுங்கிவிடும். பிறகு அந்த விளிம்பு வழியே அரித்து வெடிப்பு விழும். தைத்தானியம் சேர்த்த 321 தான் அங்கே பொருந்தும். கிடைக்காவிட்டால் கம்பனி வார்ப்பிரும்பைக் கழற்றாதீர்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஒட்டில். ரிக் வெல்டிங்கில், சூடான ஒட்டில் காற்றுப் படாமல் காக்கும் ஆகன் வாயுவை வெளியே விட்டால் போதாது, பைப்புக்குள்ளும் விடவேண்டும். ஒரு முனையை அலுமினிய ரேப்பால் அடைத்து அதன் வழியே ஆகன் குழாயைச் செருகி, மறுமுனையில் சிறு துளை விட்டால் காற்று வெளியேறிவிடும். இதைச் செய்யாத ஒட்டு வெளியே பொன்னிறமாக மின்னும். உள்ளே ரோச் அடித்துப் பார்த்தால் கருகிய சீனி போலக் கறுப்புப் பொருக்கு தெரியும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும். 304 ஐ 304 உடன் ஒட்ட 308எல் கம்பி, பைப்புகளைப் பூட்டும் இரும்புத் தட்டான பிளாஞ்சோடு ஒட்ட 309எல். இரும்பு வெட்டிய டிஸ்க்கையோ இரும்பு தேய்த்த பிரஷையோ இதில் தொட்டால் சில நாட்களில் கறள் புள்ளி வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் செய்வது உயிராபத்து: பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

பொருத்தும்போது விரிவைக் கவனிக்கவேண்டும். 500 பாகை சூடேறினால் ஒரு மீற்றர் 304 பைப் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நீளும். 409 என்றால் 6 தான். ஆகவே முன்பு இருந்தது போன்ற றப்பர் தொங்கிகளும் முன்பக்கத்து நெளிகுழாயும் அவசியம். இறுக்கிப் பூட்டினால் பிளாஞ்சடியில் கீறும்.

காரை எடுக்க முன், எஞ்சின் ஆறியிருக்கையில் ஸ்ரார்ட் செய்து, வால்க்குழாயை ஈரத்துணியால் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருத்திலும் காது கொடுங்கள். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரிபொருள் குறைவென்று நினைத்து எஞ்சின் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும். புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும்.