எண்ணிக்கைக்குக் காசா, விதிக்குக் காசா, குழாய்க்குக் காசா?

காட்பாடியைத் தாண்டி, வேலூர் மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில் என்பதால் மாதம் ஒருமுறையாவது அந்த வழியாகப் போவேன். நாற்பது மனைகளில் வீடு எழும்பியிருப்பவை ஒன்பது. மீதியெல்லாம் வேலிக்காத்தான். மஞ்சள் பூசிய எல்லைக் கற்களில் பாதி சாய்ந்துவிட்டன. அத்தனைக்கும் அது முறையான அனுமதி பெற்ற மனைப்பிரிவு. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை, தனிப்பட்டாவும் உண்டு. பிறகு ஏன் கட்டாமல் போட்டிருக்கிறீர்கள் என்று மனைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எதிர்வீட்டைக் காட்டினார். வாசலில் கழிவுநீர் லாரி நின்றது. செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து, தடித்த குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். “மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறை வருகிறது சார். அதற்குப் பயந்துதான் வாடகை வீட்டிலேயே இருக்கிறேன்” என்றார்.

வீடு கட்டுகிறவருக்கு அரசு பணம் கொடுப்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. 2015-ல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், சொந்த மனையில் கட்டிக்கொள்ளும் ஏழைக் குடும்பத்துக்கு மத்திய அரசின் பங்காக ₹1.5 லட்சம் வந்தது. கிராமங்களுக்கு 2024-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு ₹3.5 லட்சம் என்றது. இரண்டிலும் பணம் பயனாளிக்கு. உள்ளாட்சிக்கு ஒரு புது வீடு என்றால் முதலில் செலவுதான்: தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை அள்ள ஆள். வரி பிறகு, அதுவும் சொற்பமாக, அரையாண்டுக்கு ஒருமுறை வரும். அப்படியிருக்க, எந்த ஊராட்சி வீடுகளை வா வா என்று அழைக்கும்? இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளில் மூன்று விதமாக விடை தேடியிருக்கிறார்கள். மூன்றையும் நம் ஊர் மண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் வழி எண்ணிக்கை. 2011-ல் ‘நியூ ஹோம்ஸ் போனஸ்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஓர் அக்டோபரிலிருந்து அடுத்த அக்டோபருக்குள் ஓர் ஊரில் எத்தனை வீடுகள் நிகரமாகக் கூடின என்று வரிப் பதிவேட்டைப் பார்த்து எண்ணுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும், நாட்டின் சராசரி வீட்டு வரிக்கு ஈடான தொகை ஆறு ஆண்டுகளுக்கு ஊர் மன்றத்துக்கு வரும். குறைந்த வருவாய்க்காரருக்கான வீடானால் ஆண்டுக்கு மேலும் 350 பவுண்டு. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் மறுபடி குடியேறினாலும் கணக்கில் சேரும். இரண்டடுக்கு உள்ளாட்சி உள்ள பகுதிகளில் கீழடுக்கு ஊர் மன்றத்துக்கு 80 சதவீதம், அதற்கு மேலடுக்கில் உள்ள பெரிய மன்றத்துக்கு 20 சதவீதம் என்று பங்கு. பணத்தை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். விண்ணப்பமில்லை, திட்ட அறிக்கையில்லை, ஆலோசகருக்குக் கட்டணமில்லை. ஒரு வரைபடக்காரனாகச் சொல்கிறேன், காகிதமே இல்லாத அரசுத் திட்டம் என்றால் எனக்குப் பாதி மனசு அங்கேயே இளகிவிடும்.

ஆனால் அந்தப் பணம் புதிதாக வந்ததல்ல. பெரும்பகுதி, மன்றங்களுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பொது மானியத்திலிருந்து வெட்டி எடுத்தது. வீட்டுக்குத் தேவை மிகுந்த செழிப்பான ஊர்கள் வாரிக்கொண்டன. புது வீட்டுக்கு ஆளில்லாத நலிந்த ஊர்கள் இருந்ததையும் இழந்தன. இந்த ஊக்கத்தொகையால் மன்றங்களின் போக்கு பெரிதாக மாறியதற்குச் சான்று குறைவு என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2013-ல் எழுதியது. பிறகு ஆறு ஆண்டு நான்காகக் குறைந்தது. 0.4 சதவீத வளர்ச்சிக்கு மேல் கட்டினால்தான் காசு என்று வரம்பும் வந்தது. 2025-26 கடைசி ஆண்டு என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டார்கள்.

வேலூரில் எண்ணிக்கை முறைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே பாபுராவ் தெருவுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், மாடிப்படியில் காயும் லுங்கிகள், வாசலில் ஸ்கேன் உறையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் உறவினர்கள். அங்கே இடம் போதாமல் சுற்றுத் தெருக்களிலும் குடியிருப்பாகக் கட்டிய மாடிகள் நாள் வாடகை அறைகளாகிவிட்டன. வரைபடத்தில் ‘படுக்கை அறை’ என்று நான் எழுதிக் கொடுத்தது, ஆறு மாதம் கழித்துக் கதவில் எண் ஒட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நோயாளிகளுக்கும் தங்க இடம் வேண்டும்தான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடத்தை எண்ணிக் காசு கொடுத்தால், வேலூரில் குடும்பத்துக்கு வீடு கூடியதா, விடுதிக்கு அறை கூடியதா என்று எப்படித் தெரியும்?

கனடாவின் வழி விதி. 2022 பட்ஜெட்டில் 400 கோடி டாலர் ஒதுக்கி, அடுத்த ஆண்டு ‘ஹவுசிங் ஆக்சிலரேட்டர் ஃபண்ட்’ என்ற நிதியைத் திறந்தார்கள். இது வீடு எழும்பிய பின் தருகிற பரிசு அல்ல. ஊரின் கட்டட விதிகளை மாற்றச் சொல்லிப் போடுகிற ஒப்பந்தம். பெரிய நகரம் குறைந்தது ஏழு சீர்திருத்தங்களை எழுதிக் கொடுக்க வேண்டும்: ஒரே மனையில் பல குடித்தனங்களை அனுமதிப்பது, வாகன நிறுத்தக் கட்டாயத்தைக் குறைப்பது, அனுமதியைக் கணினிமயமாக்குவது என்பன போல. அதனால் கூடுதலாக எத்தனை வீடுகளுக்கு அனுமதி கிடைக்கும் என்று கணக்கிட்டு, வீட்டுக்கு அடிப்படையாக 20,000 டாலர். பேருந்து, ரயில் வழித்தடத்துக்கு அருகே அடுக்குமாடியானால் அதற்கு மேலும் சேரும். நான்கு தவணை, முதல் தவணை கையெழுத்திட்டவுடனே. 2023 செப்டம்பரில் முதலில் ஒப்பந்தம் போட்டது ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரம், 7.4 கோடி டாலர். அதே மாகாணத்து விண்ட்சர் நகரம், எல்லா மனையிலும் நான்கு குடித்தனம் என்ற நிபந்தனைக்கு ஒப்பமாட்டேன் என்றது. பணமும் போயிற்று.

இதில் எனக்குப் பிடித்தது அந்த முன்பணம். அதைக் கழிவுநீர்க் குழாய்க்கும் செலவிடலாம். நம் ஊரில் எதுவுமே முன்பணமாக வராது. ஒப்பந்தக்காரரின் பில் பாஸாவதற்குள் தார் பெயர்ந்துவிடும்.

பிடிக்காதது, அந்த மருந்து நம் நோய்க்கானதல்ல என்பது. ஒரு மனையில் நான்கு குடித்தனம் வைக்கக் கனடாக்காரர்களுக்குக் காசு கொடுத்துக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. சத்துவாச்சாரியில் 1,200 சதுர அடி மனையில் கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு போர்ஷன், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இரண்டு கல்லூரி மாணவர்கள் என்று நாம் எப்போதோ செய்துவிட்டோம், யாரிடமும் கேட்காமலே! அனுமதித் தாமதம் என்ற பேச்சும் சிறு வீட்டுக்காரருக்கு இப்போது பெரிதில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து, கட்டணத்தைக் கட்டினால் இணையத்திலேயே உடனடியாக அனுமதி வந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் அதற்கு முன் அலுவலகப் படிக்கட்டுகளில் தேய்ந்த செருப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடை போட்டிருக்கலாம். தாமதம் இன்னமும் இருக்கும் இடம் வேறு: 2016 அக்டோபர் 20-க்கு முன் அனுமதியில்லாமல் பிரித்து விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விவகாரம், உட்பிரிவுக்கு சர்வேயர் வரக் காத்திருப்பது. முன்னது மாநில அரசின் விதி, பின்னது வருவாய்த்துறையின் வேலை. உள்ளாட்சிக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் சர்வேயர் வரப்போவதில்லை.

மூன்றாவது வழி குழாய். வீட்டை எண்ணாதே, விதியைத் தொடாதே. வீடு வரவேண்டிய இடத்துக்குச் சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பைக் கொண்டுபோக உள்ளாட்சிக்குப் பணம் கொடு என்பது. ஊக்கத்தொகை ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கிலாந்து 2017-ல் இதற்காக 230 கோடி பவுண்டு நிதியைத் தனியாகத் திறந்தது. ஆஸ்திரேலியா இரண்டையும் ஒன்றாகவே அறிவித்தது. 2023-ல், இலக்குக்கு மேல் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாநிலங்களுக்கு 15,000 டாலர் என்று 300 கோடி டாலர் ஊக்கத்தொகை; கூடவே அடிப்படை இணைப்புகளுக்கும் திட்டமிடும் ஆட்களுக்கும், உள்ளாட்சிகளும் கேட்டுப் பெறும்படி, 50 கோடி டாலர். எனக்கென்னவோ தொகைகளைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள் என்றுதான் படுகிறது.

இந்த வழியின் ஆபத்து நமக்குத் தெரியாததல்ல. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிய வேலூர்க்காரர் எவரும் குழாய் என்ற சொல்லைக் கேட்டுத் துள்ள மாட்டார். குழாய் புதைந்துவிடும், ஆள்நுழைவுத் தொட்டிக்கு மூடியும் வந்துவிடும், வீட்டு இணைப்பு மட்டும் வராது. குழாய் போட்டால் பணம் என்றால் போட்டவருக்குப் போட்டதோடு வேலை முடிந்தது.

இந்தியாவில் ஊக்கத்தொகையே இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலங்களுக்குத் தரும் ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடனில் ஒரு பகுதியை நகரத் திட்டமிடல் சீர்திருத்தங்களோடு மத்திய அரசு இணைத்தது. குணத்தில் அது கனடாவின் தம்பி. அது மாநிலத் தலைநகரோடு நின்றுவிடுகிறது. 2025 பட்ஜெட்டில் அறிவித்த ₹1 லட்சம் கோடி நகர்ப்புற நிதி, செலவில் 25 சதவீதம்வரை தரும். குறைந்தது பாதியைக் கடன் பத்திரம், வங்கிக் கடன், தனியார் கூட்டு மூலம் திரட்டிக்கொள் என்கிறது. கோயம்புத்தூருக்குச் சரி. 2008-ல்தான் மாநகராட்சியாகி, 2011-ல் சத்துவாச்சாரியையும் தாராபடவேட்டையும் சேர்த்துக்கொண்ட நம் ஊர் எந்தச் சந்தையில் போய்ப் பத்திரம் விற்கும்? எனக்கு உபயோகமாகத் தெரிவது 15-ஆவது நிதிக்குழு வைத்த ஒரு நிபந்தனை: மானியம் வேண்டுமென்றால் சொத்து வரி வசூல், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, அதன் பிறகு எந்த வீடு வரிப் பதிவேட்டில் இருக்கிறது, எது இல்லை என்று தேட உள்ளாட்சிகளுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஆகவே மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் குழாயைச் சொல்வேன். ஆனால் பணத்தை முழுதாகக் கொடுக்க மாட்டேன். கனடாவைப் போல ஒப்பந்தம் போட்டவுடன் முதல் தவணை. அதில் சாலையும் கழிவுநீர் இணைப்பும், அதுவும் அனுமதி பெற்ற, பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் மனைப்பிரிவுகளுக்கு மட்டும். புதிய மனைப்பிரிவுக்கு இல்லை. கொடுத்தால் விளைநிலத்தைக் கூறு போடுகிறவருக்குத்தான் கொண்டாட்டம். கடைசித் தவணை, கால் பங்காவது, இங்கிலாந்தைப் போல வரி எண் விழுந்த வீடுகளின் கணக்குப்படி. 80-க்கு 20 என்ற அவர்கள் பங்கீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லையோர மனைப்பிரிவுகளில் வீட்டு வரி ஊராட்சிக்கு, கழிவுநீர் போய்ச் சேர வேண்டிய இடமோ மாநகராட்சிக் குழாய் என்று இருக்கும்போது, இரண்டு பேருக்கும் காசில் பங்கு இல்லாவிட்டால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

விடுதி அறையை வீடென்று எண்ணிவிடுவார்களே என்ற கேள்விக்கு மின்வாரியத்திடம் பாதி விடை இருக்கிறது. வீட்டு இணைப்புக்கும் வணிக இணைப்புக்கும் கட்டண விகிதம் வேறு. வரி எண்ணோடு மின் இணைப்பு எண்ணையும் சேர்த்து வைத்து, வீட்டுக் கட்டணத்தில் ஓராண்டு ஓடிய இணைப்பை மட்டும் எண்ணினால் போதும். அறை வாடகைக்கு விடுகிறவர்களும் வீட்டு இணைப்பிலேயே ஓட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தால் ஊராட்சிக்குக் காசு குறையும் என்பதால், எண்ணுகிற வேலையை ஊராட்சியிடம் மட்டும் விடக் கூடாது.